ஞாயிற்றுக்கிழமை மட்டும் முளைக்கும் ஊர்கள்: உங்களுக்குத் தெரியுமா?

ஆசியாவிலேயே கடை வாடகை உச்சத்தில் நிற்கும் தெருக்களில் ஒன்று, வாரத்தில் ஆறு நாள் வங்கிக்காரர்கள் கையிலும் ஏழாம் நாள் வீட்டு வேலை செய்யும் பெண்கள் கையிலும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் இருக்கும் சேட்டர் ரோடுதான் அது! இரண்டு பக்கமும் கைக்கடிகாரமும் தோல்பையும் லட்சக்கணக்கில் விலை சொல்லும் கடைகள். ஞாயிறு காலை அந்தச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பழைய அட்டைப்பெட்டிகள் பிரிந்து தரையில் பாயாக விரிகின்றன. செருப்பை வெளியே வரிசையாகக் கழற்றிவிட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் உட்காருகிறார்கள். டிபன் டப்பாக்கள் திறக்கின்றன. ஒரு மூலையில் ஜெபம், இன்னொரு மூலையில் சீட்டாட்டம், நடுச்சாலையில் ஸ்பீக்கர் வைத்து நடன ஒத்திகை!

ஹாங்காங்கில் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டு வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 3.5 லட்சம். நகரத்தின் மொத்த ஜனத்தொகையே 75 லட்சம்தான். அதாவது கிட்டத்தட்ட இருபது பேருக்கு ஒருவர்! ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸிலிருந்தும் மீதியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஏழு நாளுக்கு ஒரு நாள், தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு தந்தே ஆகவேண்டும் என்று ஹாங்காங் சட்டம் சொல்கிறது. ஓய்வு நாளில் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினால் 50,000 ஹாங்காங் டாலர் வரை அபராதம் போடலாம்.

சரி, ஓய்வு நாளில் வீட்டிலேயே காலை நீட்டிப் படுக்கலாமே, ஏன் தெருவுக்கு வருகிறார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. 2003-லிருந்து அங்கே கண்டிப்பான ஒரு விதி: வீட்டுப் பணிப்பெண் வேலை செய்யும் வீட்டிலேயேதான் தங்க வேண்டும். ஹாங்காங் அடுக்குமாடி வீடுகளின் அளவு நமக்குத் தெரியும். சமையலறை ஓரத்தில், வரவேற்பறையில், குழந்தையின் கட்டிலுக்குக் கீழ்த்தட்டில் படுப்பவர்கள் ஏராளம். கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்குக்கூட அவர்களுக்கு ஓர் அறை கிடையாது. அந்த வீட்டில் இருக்கும் வரை ஒரு பெண்ணால் "கொஞ்சம் தண்ணி கொடு" என்ற குரலைத் தாண்டி ஓய்வெடுக்கவே முடியாது. அதனால்தான் நாலு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு அட்டைச் சுவர் எழுப்பி, நடுத்தெருவில் தனக்கென்று ஒரு வீடு கட்டுகிறாள். லட்சம் பேர் நடக்கும் இடத்தில் அவளுக்குக் கிடைக்கும் அந்தத் தனிமை, அவள் சம்பளம் வாங்கும் வீட்டில் கிடைப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் நிற்கும் வீடு. ராத்திரி திரும்பும்போது தடயம் இல்லாமல் கூட்டிப் பெருக்கி மடித்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த அட்டை வீடுகளுக்குக் கூரையாக இருப்பது எது தெரியுமா? எச்.எஸ்.பி.சி. வங்கியின் தலைமையகம்! நார்மன் ஃபாஸ்டர் என்ற புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்து 1985-ல் முடித்த கட்டிடம். உலகத்திலேயே அதிகச் செலவில் எழுந்த கட்டிடம் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டார்கள். அதன் தரைத்தளத்தை யார் வேண்டுமானாலும் நடந்து போகும்படி திறந்தவெளியாக விட்டுவிட்டார் ஃபாஸ்டர். மழையும் வெயிலும் படாத அந்த இடத்தை ஞாயிறுதோறும் பிலிப்பைன்ஸ் பெண்கள் நிரப்பிவிடுகிறார்கள். அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரே மாகாணத்துக்காரர்கள், ஒரே மொழி பேசுகிறவர்கள், சில நேரம் ஒரே கிராமத்துக்காரர்கள் வாரா வாரம் ஒரே இடத்தில்தான் உட்காருவார்கள். மணிலாவிலிருந்து நேற்று வந்து இறங்கிய பெண்ணுக்குக்கூட, எந்தத் தூணுக்குப் பக்கத்தில் தன் ஊர்க்காரர்கள் இருப்பார்கள் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

அங்கே நடக்கும் காரியங்களைப் பாருங்கள்! முடி வெட்டல், நகத்துக்குச் சாயம், பிறந்த நாள் கேக், வேதாகம வகுப்பு, ஊரில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் வீட்டுப்பாடம். வட்டமாக உட்கார்ந்து பணம் எண்ணுகிறார்களே, அது என்ன? நம்ம ஊர் சீட்டுதான்! பிலிப்பைன்ஸில் பலுவாகன், இந்தோனேசியாவில் அரிசான், பெய்ரூட்டில் வேலை செய்யும் எத்தியோப்பியப் பெண்களிடம் இக்குப். மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. மகன் காலேஜ் ஃபீஸ், அம்மாவின் ஆபரேஷன், ஓட்டு வீட்டுக்குப் பதில் காங்கிரீட் கூரை எல்லாம் இந்த நடைபாதை வட்டங்களில்தான் முடிவாகின்றன. எந்தக் காகிதமும் கிடையாது. நம்பிக்கை மட்டும்தான்.

பக்கத்திலேயே ஆள் உயரப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவற்றுக்கு பாலிக்பாயன் பெட்டி என்று பெயர். சோப்பு, சாக்லேட், டின் இறைச்சி, காபித்தூள், குழந்தைக்கு ஸ்கூல் பை என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, ஒரு இண்டு இடுக்கு விடாமல் அடைத்து, கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள். கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் பல வாரம் முன்பே கட்டிவிட வேண்டும். அந்தப் பெட்டி ஊரில் வந்து இறங்கும் நாள் தெருவுக்கே தெரியும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேலே வேர்ல்ட்-வைடு ஹவுஸ் என்று ஒரு கட்டிடம். மேலே அலுவலகங்கள், கீழே மூன்று தளமும் முழு பிலிப்பைன்ஸ்! பணம் அனுப்பும் கடைகள், போன் கார்டு, உலர்ந்த மீன், ஊர்ப் பலகாரம். ஞாயிறு அன்று அதற்குள் நுழைந்தால் தோள் இடிக்காமல் நடக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கையான சரித்திரம் இருக்கிறது. சேட்டர் ரோட்டை ஞாயிறுகளில் மூடும் வழக்கம் 1982-ல் வந்தது. அந்த வட்டாரத்தில் நிறையக் கட்டிடங்களை வைத்திருக்கும் நிறுவனத்தின் யோசனை அது. வண்டி இல்லாமல் இருந்தால் மக்கள் நிம்மதியாக நடந்து வந்து பொருள் வாங்குவார்கள் என்பது கணக்கு. நடந்து வந்தவர்கள் யார் தெரியுமா? பணிப்பெண்கள்! பத்தே ஆண்டுகளில் கடைக்காரர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். 1992-ல் சாலையை மறுபடி வண்டிகளுக்குத் திறந்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? நிலத்தடி கார் நிறுத்துமிடங்களுக்கு அனுப்பிவிடலாமே என்றுகூட யோசனை சொன்னார்கள். வெயில் படாத, காற்று வராத, கார்கள் நிற்கும் கிடங்கு! பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. நகரத்தின் குழந்தைகளை வளர்ப்பவர்களை நகரத்தின் அடியில் கொண்டுபோய் வைப்பதா என்று கேள்வி எழுந்தது. பெண்கள் நகரவில்லை. முப்பது ஆண்டு தாண்டியும் அதே சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேட்டர் ரோட்டை ஒட்டியிருப்பது ஸ்டேச்சு ஸ்கொயர், அதாவது சிலைச் சதுக்கம். யாருடைய சிலைக்காக அந்தப் பெயர்? விக்டோரியா மகாராணி! இன்று அங்கே மகாராணி இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஹாங்காங்கைப் பிடித்த ஜப்பானியப் படை, உருக்குவதற்காக அந்த வெண்கலச் சிலையைக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டது. போர் முடிந்து ஜப்பானில் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவந்தபோது பழைய இடத்தில் வைக்கவில்லை. காஸ்வே பே பகுதியில் புதிதாகப் போட்ட விக்டோரியா பூங்காவில் உட்கார வைத்தார்கள். அந்தப் பூங்கா இன்று யாருடைய இடம் தெரியுமா? இந்தோனேசியப் பெண்களுடையது! அவர்களுடைய துணைத் தூதரகம் பக்கத்திலேயே இருப்பதால் 1990-களிலிருந்து அங்கே கூட ஆரம்பித்தார்கள். மகாராணி கிளம்பிப் போன சதுக்கத்தில் மணிலா, அவர் குடியேறிய பூங்காவில் ஜாவா. ரம்ஜான் பெருநாள் காலையில் பூங்காவின் புல்வெளி முழுக்கத் தொழுகை விரிப்புகள். சாதாரண ஞாயிறுகளில் ஒரு மரத்தடியில் குர்ஆன் ஓதும் வட்டம், அடுத்த மரத்தடியில் ஜாவாவின் கிராமியக் குதிரையாட்டம், கொஞ்சம் தள்ளி ஆண்பிள்ளை உடையில் கிராப்பு வெட்டிய பெண்கள் தங்கள் காதலிகளோடு. ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாத ஜோடிகள் இங்கே கைகோத்து நடக்கிறார்கள்.

இத்தனையும் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2014 ஜனவரியில் எர்வியானா சுலிஸ்தியாநிங்சி என்ற இந்தோனேசியப் பெண், மாதக்கணக்கில் அடி வாங்கிய உடம்போடு ஹாங்காங் விமான நிலையத்தில் ஊருக்கு அனுப்பப்படக் காத்திருந்தார். அவரைக் கவனித்தது போலீஸா? அதிகாரியா? அதே விமானத்துக்குக் காத்திருந்த இன்னொரு பணிப்பெண்! அந்தப் பெண் விடாமல் விசாரித்து, வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்து, ஹாங்காங்கில் இருந்த தோழிகளுக்குச் செய்தி அனுப்பினார். சில நாள் கழித்து வந்த ஞாயிறு, நடனம் ஆடிக்கொண்டிருந்த அதே கூட்டம் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாகப் போலீஸ் தலைமையகம் நோக்கி நடந்தது. அந்த ஆண்டே டைம் பத்திரிகை உலகின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் எர்வியானாவைச் சேர்த்தது. 2015-ல் வேலைக்கு வைத்திருந்தவருக்கு ஆறு ஆண்டுச் சிறை. வாரா வாரம் கூடிச் சிரித்துப் பழகியவர்களால்தான் ஒரே நாளில் கூடிக் கோஷம் போடவும் முடிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அழகுப் போட்டி பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? ஞாயிறுகளில் மண்டபம் பிடித்து, தேசிய உடை, மாலை உடை, கேள்வி பதில் சுற்று, கிரீடம் எல்லாம் வைத்துப் பணிப்பெண்களே நடத்தும் அழகுப் போட்டிகள் ஹாங்காங்கில் பிரசித்தம். இரவு குறித்த நேரத்துக்குள் வீடு திரும்பாவிட்டால் வேலையே போய்விடக்கூடிய பெண்கள், கிரீடத்தைப் பையில் திணித்துக்கொண்டு ஓடுவார்கள்! இவர்களைப் பற்றி பேபி ரூத் வில்லாராமா எடுத்த 'சண்டே பியூட்டி குயின்' என்ற ஆவணப்படம் 2016 மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. கதைப்படங்களை எல்லாம் முந்தி ஒரு ஆவணப்படம்! அலங்காரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. பல வீடுகளில் பணிப்பெண் உதட்டுச்சாயம் பூசக் கூடாது, முடியை நீளமாக வளர்க்கக் கூடாது என்று கட்டளை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆறு நாள் இல்லாத முகத்தை ஏழாம் நாள் எடுத்து மாட்டிக்கொள்வதில் எவ்வளவு தைரியம் இருக்கிறது!

சைசா குரூஸ் பகானி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பத்தொன்பது வயதில் ஹாங்காங் வந்து, அம்மா வேலை பார்த்த அதே வீட்டில் தானும் பணிப்பெண்ணாகச் சேர்ந்தவர். முதலாளியம்மாவிடம் கடன் வாங்கி ஒரு கேமரா வாங்கினார். விடுமுறை நாள்களில் தெருத் தெருவாக நடந்து கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். 2014-ல் நியூயார்க் டைம்ஸ் அந்தப் படங்களை வெளியிட்டது. 2015-ல் மேக்னம் அறக்கட்டளையின் மனித உரிமை நல்கை பெற்று நியூயார்க்குக்குப் படிக்கப் போனார். 2018-ல் அவர் அம்மாவின் வாழ்க்கையை நடுவில் வைத்து ஒரு புகைப்படப் புத்தகம் வந்தது. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தது எல்லாம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு கிடைத்த நேரத்தில்!

எழுத்தாளர்கள் வேண்டுமா? இந்தோனேசியாவில் புகழ்பெற்ற ஃபோரம் லிங்கார் பேனா என்ற எழுத்தாளர் அமைப்புக்கு 2004-ல் ஹாங்காங்கில் ஒரு கிளை தொடங்கியது. உறுப்பினர்கள் பெரும்பாலும் பணிப்பெண்கள். ஞாயிறு மதியம் பூங்காவில் உட்கார்ந்து ஒருவர் கதையை ஒருவர் வாசித்துத் திருத்துவார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த எத்திக் ஜுவிதா எழுதிய சிறுகதை 2008-ன் சிறந்த 20 இந்தோனேசியச் சிறுகதைகளில் ஒன்றாகத் தேர்வானது! தைவானில் 2014 முதல் புலம்பெயர்ந்தவர்களுக்கென்றே தனி இலக்கிய விருது இருக்கிறது; அவரவர் தாய்மொழியிலேயே எழுதி அனுப்பலாம். அதைத் தொடங்கிய சாங் செங் என்ற பத்திரிகையாளர், 2015-ல் தைபே அருகே தென்கிழக்காசிய மொழிப் புத்தகங்களுக்காக ஒரு கடையும் திறந்தார். புத்தகங்களுக்கு எங்கே போவது? வெளிநாடு போகும் தைவான்காரர்களிடம், "உங்களால் படிக்க முடியாத ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று கேட்டார்! வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியாவிலிருந்து பெட்டிகளில் புத்தகங்கள் வந்து குவிந்தன.

அதே தைபேயின் பிரதான ரயில் நிலையத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய கூடம் ஒன்று உண்டு. ஞாயிறுகளில் இந்தோனேசியப் பெண்களும் மற்றத் தொழிலாளர்களும் அந்தத் தரையில் வட்டம் வட்டமாக உட்காருவார்கள். 2020-ல் கொரோனாவைக் காட்டி அங்கே உட்காரத் தடை வந்தது. அதையே நிரந்தரமாக்கலாம் என்று பேச்சு எழுந்ததும், உள்ளூர் இளைஞர்கள் திரண்டு வந்து அந்தத் தரையிலேயே உட்கார்ந்து போராடினார்கள். தடை போயிற்று. ஹாங்காங்கில் அந்தக் காலம் இதைவிடக் கொடுமை. 2022 பிப்ரவரியில் இரண்டு பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதியில் அபராதம் 5,000 ஹாங்காங் டாலர். பணிப்பெண்ணின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அப்போது 4,630! தோழிகளோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டதற்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டியவர்கள் இருக்கிறார்கள். போகட்டும் என்று விட மனசு வரவில்லை.

சிங்கப்பூருக்கு வருவோம். நமக்கு இவ்வளவு பக்கத்து நகரம், அங்கே 2013 வரை வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வார விடுமுறை சட்டப்படி கட்டாயம் இல்லை என்பது தெரியுமா? 2013 ஜனவரி முதல் கொடுத்த அல்லது புதுப்பித்த வேலை அனுமதிகளுக்குத்தான் வாரம் ஒரு நாள் வந்தது. அதிலும் லீவுக்குப் பதில் காசு கொடுத்துவிடலாம் என்று வழி வைத்திருந்தார்கள். மாதம் ஒரு நாளாவது காசால் வாங்க முடியாத விடுமுறை தர வேண்டும் என்ற விதி 2023-ல்தான் வந்தது. அந்த நாள் கிடைத்ததும் ஆர்ச்சர்டு ரோட்டு லக்கி பிளாசா பிலிப்பைன்ஸ் ஆகிவிடுகிறது, பாய லேபார் சிட்டி பிளாசா இந்தோனேசியா ஆகிவிடுகிறது, பெனின்சுலா பிளாசா பர்மா ஆகிவிடுகிறது. 2014-ல் வங்காளதேசத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி அடுத்த ஆண்டே மற்ற மொழிகளுக்கும் திறந்தது. தமிழிலும் கவிதைகள் வந்தன! கட்டுமான வேலைக்குப் போன ஆண்கள் நிறைந்த அந்த மேடையில் 2017-ல் முதல் பரிசு வாங்கியவர் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண், டெனி அப்ரியானி.

இதெல்லாம் இந்தக் காலத்துப் புதுமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னால் ஒற்றைச் சடை அல்லது கொண்டையோடு வீட்டு வேலை பார்த்த சீனப் பெண்கள் இருந்தார்கள். தென்சீனாவின் ஷுண்டே வட்டாரப் பட்டுத் தொழில் நொடித்தபோது கப்பலேறியவர்கள். அவர்களில் பலர் கல்யாணமே செய்துகொள்வதில்லை என்று சடங்கு செய்து சபதம் எடுத்தவர்கள்! வாழ்க்கை முழுக்க இன்னொருவர் வீட்டில் இருந்தாலும், நாலைந்து பேர் சேர்ந்து சைனாடவுனில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். டிரங்குப் பெட்டி அங்கேதான் இருக்கும். லீவு நாளில் அங்கே கூடுவார்கள். வேலை போனால் அங்கே தங்குவார்கள், முதுமையில் ஒருவரை ஒருவர் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். ஏழாம் மாதம் ஏழாம் நாள் ஏழு சகோதரிகள் விழா வந்தால் வருஷம் முழுக்கச் சேர்த்த காசில் கைவேலைப் பொருள்கள் செய்து படையல் வைப்பார்கள். மணமாகாத பெண் பிறந்த வீட்டில் சாகக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். என்ன செய்தார்கள் தெரியுமா? சிங்கப்பூரில் வேலை செய்தவர்கள் பணம் திரட்டி, 1950 வாக்கில் ஊரிலேயே தங்களுக்கென்று பிங் யூ தாங் என்ற இல்லத்தைக் கட்டிவிட்டார்கள்! இரண்டு மாடிக் கட்டிடம். 2012 முதல் அது அருங்காட்சியகம். அடுத்தவர் வீட்டைத் துடைத்துச் சம்பாதித்து, தாங்கள் கண் மூடுவதற்கு ஒரு வீடு கட்டிய பெண்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பழைய காலத்து இல்லம் இன்னொன்றும் உண்டு. லண்டனின் ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆயாக்கள் இல்லம் இருந்தது. ஆங்கிலேயக் குடும்பங்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு இந்தியாவிலிருந்து கப்பலில் போன ஆயாக்களில் பலரை, கரை இறங்கியதும் திரும்பிப் போகக் காசு கூடக் கொடுக்காமல் கைவிட்டார்கள். அப்படித் தவித்தவர்கள் ஊர் திரும்பக் கப்பல் கிடைக்கும் வரை அந்த இல்லத்தில்தான் இருந்தார்கள். வருஷத்துக்குச் சுமார் நூறு பேர்! 2022 ஜூனில் அந்தக் கட்டிடத்தில் நீல நினைவுப் பலகை பதித்தார்கள்.

ஆனால் எல்லா ஊரிலும் தெருவுக்கு வர முடிகிறதா? லெபனானின் பெய்ரூட்டில், இலங்கை, எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ் பெண்கள் பல பேர் ஞாயிறுகூட வெளியே வர முடியாமல் பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மத்தியக் கிழக்குக்குப் போன நம் மலையகப் பெண்களுக்கு இந்த வாழ்க்கை நன்றாகவே தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குத் தோழமை எப்படிக் கிடைக்கும்? பால்கனி வழியாக! துணி காயப்போட வரும்போது எதிர் பால்கனிப் பெண்ணோடு பேச்சு. சம்பளம் வந்ததா, சாப்பாடு போடுகிறார்களா, பாஸ்போர்ட் யார் கையில், எந்தத் தூதரகத்துக்குப் போன் செய்ய வேண்டும் என்று எல்லாத் தகவலும் மாடிக்கு மாடி தாவும். சமூகவியல் ஆய்வாளர் அம்ரிதா பாண்டே இந்தப் பால்கனிப் பேச்சைப் பற்றி 2012-ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். ஞாயிறு வழிபாட்டுக்கு மட்டும் அனுமதி கிடைத்தவர்களுக்கு மாதாகோவிலே சங்கக் கூடம். வீட்டை விட்டு வெளியேறித் தனியாக அறை எடுத்திருக்கும் பெண்களின் வாடகை வீடுகள் மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அடைக்கலம். இந்தப் பேச்சும் பிரார்த்தனையும் வளர்ந்து வளர்ந்து, 2015 ஜனவரியில் அரபு உலகின் முதல் வீட்டுப் பணியாளர் சங்கம் பெய்ரூட்டில் உருவானது! அரசு அங்கீகரிக்க மறுத்தது. அதற்காகச் சங்கம் கலைந்துவிடவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16-ல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கையில் ஒரு வரி உண்டு. ஓய்வு நாளில் வேலை செய்யும் வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்று பணியாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது! வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு என்பதோடு நிறுத்தாமல், வெளியே போகும் உரிமையையும் தனியாக எழுதி வைத்தார்கள். பால்கனியில் நின்று பேசியவர்களைக் கேட்டு எழுதினது போலவே இருக்கும். முதலில் ஏற்றது உருகுவே, அடுத்தது பிலிப்பைன்ஸ். இத்தாலியில் உடன் தங்கி வேலை செய்பவர்களுக்கு ஒப்பந்தப்படி வாரம் 36 மணி நேர ஓய்வு: ஞாயிறு முழு நாள், இன்னொரு நாளில் அரை நாள். அந்த அரை நாள் பெரும்பாலும் வியாழன் மதியம் என்பதால், ரோம் நகரப் பூங்காக்களில் வியாழக்கிழமையே ஞாயிறு களை கட்டிவிடும். இந்தியா 2011-ல் உடன்படிக்கைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. இன்னும் ஏற்கவில்லை. ஏற்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, கிரிக்கெட் பைத்தியங்களான நமக்கென்றே வைத்திருந்தேன். 2017-ல் ஹாங்காங்கில் எஸ்.சி.சி. டிவாஸ் என்று ஒரு பெண்கள் கிரிக்கெட் அணி தொடங்கியது. ஆட்டக்காரர்கள் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள். கிரிக்கெட் அதிகம் ஆடாத நாட்டிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் மட்டையைக் கையில் பிடித்ததே ஹாங்காங்கில்தான். பயிற்சிக்குக் கிடைத்தது ஞாயிறு மட்டும். இரண்டே ஆண்டுகளில், 2019 டிசம்பரில், பிலிப்பைன்ஸ் பெண்கள் அணி தன் முதல் சர்வதேச டி20 தொடரை ஆடியபோது அந்த அணியில் டிவாஸ் ஆட்டக்காரர்கள் இடம் பிடித்திருந்தார்கள்! எதிரணி யார் தெரியுமா? இந்தோனேசியா! முடிவு மோசம்தான். நாலு ஆட்டத்திலும் தோல்வி. ஓர் ஆட்டத்தில் இந்தோனேசியா ஒரே விக்கெட்டை இழந்து 260 அடித்துத் தள்ளிவிட்டது. ஆனால் 2018 ஜூலையிலிருந்து உறுப்பு நாடுகளின் பெண்கள் அணிகள் ஆடும் டி20 எல்லாமே முழு சர்வதேச ஆட்டம் என்று ஐ.சி.சி. அறிவித்திருந்தது. ஆகவே மிதாலி ராஜும் ஹர்மன்பிரீத் கவுரும் இருக்கும் அதே சர்வதேசப் பதிவேட்டில், ஹாங்காங் விசாவில் 'வீட்டுப் பணியாளர்' என்று முத்திரை வாங்கிய பெண்களின் பெயர்களும், அவர்கள் எடுத்த ரன்களும், வீசிய ஓவர்களும் இருக்கின்றன. தேடிப் பாருங்கள், கிடைக்கும்!